நச்சுக்கொடி என்னும் உழைப்பாளி

பசு கன்று போட்டால் இளங்கொடி விழுந்துவிட்டதா என்று காத்திருந்து பார்ப்பது நம் ஊர் வழக்கம். விழுந்ததைப் பழஞ்சாக்கில் பொதிந்து, ஆல் போன்ற பால்மரத்தில் உயரக் கட்டித் தொங்கவிடுவோம். பெண்ணின் கொடிக்கு அந்த மரியாதை இல்லை. பெயரிலேயே நஞ்சைச் சேர்த்து, நச்சுக்கொடி என்று சொல்லிப் புதைத்துவிடுகிறோம். பாடப்புத்தகங்களில் இதன் பெயர் சூல்வித்தகம்.

பிள்ளைப்பேற்றின்போது இதன் நிறை ஏறக்குறைய அரைக் கிலோ. இதன் உள்ளே வேர்த்தும்பு போலப் பிரிந்து கிடக்கும் நுண்ணிய விரல்களை எல்லாம் விரித்து வைத்தால் பத்துச் சதுர மீற்றருக்கு மேல் பரப்பு வரும். தாயின் இரத்தமும் பிள்ளையின் இரத்தமும் இங்கே கலப்பதில்லை. இடையில் உள்ள மெல்லிய சுவரினூடாகவே ஒட்சிசனும் சீனியும் புரதக் கூறுகளும் பிள்ளைக்குப் போகின்றன. கழிவுகள் தாயிடம் திரும்புகின்றன.

இதை வெறும் வாய்க்கால் என்றே பலர் எண்ணியிருக்கிறார்கள். "வயிற்றுப்பிள்ளை தனக்கு வேண்டியதைத் தாயிடமிருந்து எப்படியும் உறிஞ்சிக்கொள்ளும்" என்று நம் பெரியவர்கள் சொல்வதும் அந்த எண்ணத்தினால்தான். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பட்டாக்லியா, மெஸ்சியா என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் சினைச் செம்மறிகளின் இரத்தக் குழாய்களில் மெல்லிய குழாய்களைப் பொருத்தி, போவது எவ்வளவு, வருவது எவ்வளவு என்று பல்லாண்டு அளந்தார்கள். தாயின் இரத்தத்திலிருந்து கருப்பை எடுக்கும் ஒட்சிசனில் பாதிக்குக் கிட்டவும், சீனியில் பாதிக்கு மேலும் பெரும்பாலும் நச்சுக்கொடியிலேயே செலவாகிறது என்பது தெரியவந்தது. பாதி நீரைத் தானே குடிக்கும் வாய்க்கால் எங்காவது உண்டா? இது வாய்க்கால் அன்று. கூலி வாங்கி வேலை செய்யும் உழைப்பாளி. வாங்கிய சீனியில் ஒரு பங்கை இலற்றேற்றாக மாற்றிப் பிள்ளைக்கு எரிபொருளாகக் கொடுக்கிறது என்பதையும் அதே குழுவினர் 1975இல் காட்டினார்கள். தயிரைப் புளிக்க வைக்கும் அமிலத்தின் இனந்தான் அது.

அடுத்த வேலை ஓமோன்கள். கருவைக் காக்கும் புரோஜெஸ்தரோன் தொடக்கத்தில் தாயின் சூலகத்திலிருந்து வருகிறது. ஏழு, எட்டு வாரமளவில் அந்தப் பொறுப்பை நச்சுக்கொடி தன்கையில் எடுக்கிறது. வெள்ளாட்டில் அப்படியில்லை, அதன் சூலகமே குட்டி போடும்வரை இந்த ஓமோனைக் கொடுக்க வேண்டும்.

1962இல் ஜோசிமோவிச், மக்லாரன் என்போர் நச்சுக்கொடி லக்டோஜன் என்னும் ஓமோனை விவரித்தார்கள். (பால்மாப் பேணியை நினைத்துவிட வேண்டாம்.) கர்ப்பத்தின் பிற்பகுதியில் இதுவும் வேறு சில பொருட்களும் சேர்ந்து, தாயின் உடம்பில் இன்சுலினின் வேகத்தைக் குறைக்கின்றன. தாயின் தசைகள் சீனியைக் குறைவாக எடுத்து, கொழுப்பை எரிக்கத் தொடங்குகின்றன. மிஞ்சும் சீனி பிள்ளைக்கு. இதை ஈடுசெய்யத் தாயின் உடம்பு கூடுதலாக இன்சுலின் சுரக்க வேண்டும். முடியாத தாய்மாருக்குக் கர்ப்பகாலத்தில் மட்டும் நீரிழிவு தோன்றுகிறது. நச்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலும் அது தணிந்துவிடுகிறது. இனிப்பை அதிகம் தின்றதனால் வந்தது என்று அந்தப் பெண்ணைத் திட்டுவது நியாயமில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு விலையும் உண்டு. சிக்காகோவில் பிறெயின்கெல் என்ற மருத்துவர் அதற்கு "விரைவுப் பட்டினி" என்று பெயர் வைத்தார். அவருடைய குழுவினர் 1982இல் வெளியிட்ட ஆய்வு நம் வீடுகளுக்கு நேரே பொருந்துவது. இரவுச் சாப்பாட்டின் பின் காலையுணவையும் தவிர்த்து 18 மணித்தியாலம் வரை இருந்தபோது, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்திலிருந்த பெண்களின் இரத்தச் சீனி மற்றப் பெண்களினதைவிடக் கீழே இறங்கியது. கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீற்றோன்கள் விரைவாக ஏறின. இடம்பெயர்ந்த குடும்பங்களில் எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சட்டியை வழித்து உண்பவள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவள் வெறுந்தேநீரோடு விடிய வேலைக்கும் போய்விட்டால், மத்தியானத்துக்குள் இந்த 18 மணி எட்டிவிடுகிறது. பழஞ்சோறோ, ஒரு பிடி அவித்த பயறோ போதும், அந்த நேரத்தை முறிப்பதற்கு.

நீண்ட பட்டினி என்ன செய்யும்? ஒரு காலத்தில் நம் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தரின் நாட்டிலே, 1944 பிற்பகுதியில் ஜேர்மன் படையினர் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் தடுத்தார்கள். ஆள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 முதல் 800 கலோரி வரையே கிடைத்த மாதங்கள் இருந்தன. 1945 மேயில் விடுதலை வந்தது. அங்கே பேற்று மனைகளின் பதிவேடுகள் தப்பியிருந்தபடியால், பின்வந்தோர் கணக்குப் பார்க்க முடிந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பட்டினி கிடந்தவர்களின் பிள்ளைகள் ஏறக்குறைய 300 கிராம் நிறை குறைந்து பிறந்தார்கள். முதல் மூன்று மாதம் மட்டும் பட்டினி கிடந்து பின்னர் உணவு பெற்றவர்களின் பிள்ளைகளுக்கு நிறை குறையவில்லை. ஆனால், அவர்களுடைய நச்சுக்கொடி வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது என்று லூமி என்பவர் 1998இல் எழுதினார். வறண்ட நிலத்திலே பயிர் வேரை நீட்டுவது போல என்று நினைத்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைகள் ஐம்பது வயதை எட்டியபோது அவர்களிடையே இதய நோய் கூடுதலாகக் காணப்பட்டது என 2000இல் வெளிவந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. பிறந்தபோது தராசில் ஒரு குறையும் தெரியாத பிள்ளைகள் அவர்கள்.

வயிறு வெளியே தெரிந்த பிறகுதான் கர்ப்பிணியைக் கவனிக்க வேண்டும் என்ற பழக்கம் இதனால் அடிபட்டுப் போகிறது. மாதவிலக்கு ஒன்று தவறியதுமே குடும்பநல மருத்துவமாதுவிடம் சொல்லி, எட்டு வாரத்துக்கு முன் பெயரைப் பதியலாம். கிளினிக்கில் சீனிப் பரிசோதனைக்குச் சொன்னால் மறுக்காமல் செய்துகொள்ளலாம். திரிபோஷப் பைக்கற் வீட்டுக்கு வந்தால், அதைப் பிள்ளைகள் எல்லாருக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்துவிடாமல் அவளுக்கென்று தனியே எடுத்துவைக்கும் வேலையை மாமியாரோ கணவனோ பொறுப்பேற்கட்டும். அவளாக எடுத்துவைக்க மாட்டாள்.