உர்ஜெல் மறைமாவட்டம்

உர்ஜெல் மறைமாவட்டம் என்பது எசுப்பானியாவின் காத்தலோனியா பகுதியில், பிரனீசு மலைத்தொடரின் தென்சரிவில் அமைந்துள்ள கத்தோலிக்க மறைமாவட்டம் ஆகும். இதன் ஆயர், அண்டை நாடான அந்தோராவின் நாட்டுத் தலைவர்கள் இருவருள் ஒருவர். மைன்சு, சால்சுபர்க் முதலிய இடங்களில் நாடாண்ட ஆயர்கள் 1803 அளவில் ஆட்சியை இழந்தனர். திருத்தந்தையைத் தவிர, இன்றும் நாட்டுத் தலைவராக நீடிக்கும் ஆயர் இவர் ஒருவரே.

வரலாறு

இம்மறைமாவட்டம் 6-ஆம் நூற்றாண்டு முதல் அறியப்படுகிறது. 988-இல் பார்சிலோனாவின் இரண்டாம் பொர்ரெல் கோமகன், வேறு நிலங்களுக்கு ஈடாக அந்தோரா பள்ளத்தாக்குகளை ஆயருக்குக் கொடுத்தார். ஆயர்களிடம் படைபலம் இல்லை. எனவே பாதுகாப்புப் பொறுப்பை கபோயெத் குடும்பத்தாரிடம் ஒப்படைத்தனர். மண உறவுகளின் வழியே அவ்வுரிமை பிரான்சுப் பக்கமிருந்த ஃபுவா கோமகன்களைச் சென்றடைந்தது. காவலுக்கு அமர்த்தப்பட்டவரின் வாரிசே ஆயருக்குப் போட்டியாளர் ஆனார்.

நீண்ட பூசலுக்குப் பின் 1278-இல் இருவரும் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஆட்சி இருவருக்கும் பொதுவானது. அந்தோரா மக்கள் ஓராண்டு ஆயருக்கும் மறு ஆண்டு கோமகனுக்கும் திறை செலுத்த வேண்டும். ஆயருக்கான திறையில் பணத்தோடு பன்றித்தொடை, பாலாடைக்கட்டி, உயிர்க்கோழி ஆகியனவும் பிற்காலத்தில் இடம்பெற்றன. 1993 வரை இவ்வழக்கம் நீடித்தது.

ஃபுவா வாரிசான நான்காம் என்றி 1589-இல் பிரான்சின் மன்னரானதால், கோமகனின் உரிமை பிரான்சின் அரசுத்தலைவரைச் சேர்ந்தது. 1793-இல் புரட்சி அரசு அதை நிலவுடைமைக் காலத்து எச்சம் எனக் கைவிட்டது. 1806-இல் நெப்போலியன் மீட்டெடுத்தார். பங்காளி ஒருவர் இருந்ததே ஆயரின் ஆட்சியைக் காத்தது எனலாம். எசுப்பானியாவோ பிரான்சோ மற்றவரின் பங்கை மீறாமல் அந்தோராவை விழுங்க இயலவில்லை. 1934-இல் உருசியப் பேரரசில் பிறந்த போரிசு இசுகோசிரெவ் என்பவர் தம்மை அந்தோராவின் மன்னராக அறிவித்துக்கொண்டார். ஆயர் எதிர்த்தார், எசுப்பானியக் காவலர்கள் அவரைக் கைது செய்தனர்.

இன்றைய நிலை

1993-இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட அரசியலமைப்பு, ஆட்சி அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கும் அமைச்சரவைக்கும் மாற்றியது. ஆயரும் பிரான்சின் குடியரசுத் தலைவரும் இணை இளவரசர்களாகத் தொடர்கின்றனர். இருவரில் எவரையும் அந்தோரா மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. ஆயரை நியமிப்பவர் திருத்தந்தை.

சடங்குப் பதவியாகத் தோன்றினாலும், சட்டங்களுக்கு ஒப்பம் இடுவது இணை இளவரசர்களின் கடமை. அந்தோராவில் கருக்கலைப்பு முற்றிலும் தடைசெய்யப்பட்டுள்ளது. அதைத் தளர்த்தும் சட்டத்தில் ஒரு கத்தோலிக்க ஆயர் எப்படிக் கையெழுத்திடுவார் என்பதே சிக்கல். அவர் பதவி விலகினால் 1278 முதல் நிலவும் அரசமைப்பே ஆட்டம் காணும். ஆகவே அந்தோரா அரசு இதனைத் திருப்பீடத்தோடு பேசித் தீர்க்க முயன்று வருகிறது. 2025 மே மாதம் ஆயர் பொறுப்பேற்ற ஜோசப்-லூயிசு செர்ரானோவின் காலத்துக்கும் இச்சிக்கல் தொடர்ந்தது.