கமலாவின் கணவர், தினகரியின் அப்பா

சொ. விருத்தாசலம் 1948இல் திருவனந்தபுரத்தில் காலமானபோது அவருக்கு வயது 42. கமலாவை மணந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகள் தினகரிக்கு இரண்டு வயது. அவரைக் கொண்டுபோனது சயரோகம். எலும்புருக்கி என்றும் அன்று சொல்வார்கள். இன்று நாம் டி.பி. என்கிறோம்.

தமிழ் வாசகர்களுக்கு அவர் புதுமைப்பித்தன். பிராட்வே முனையில் கடவுளைக் கந்தசாமிப் பிள்ளையோடு சந்திக்கவைத்து, காப்பி குடிக்க ஹோட்டலுக்கு அனுப்பியவர். பொன்னகரத்தின் இருட்டுச் சந்துக்குள் நம் கற்பு நியாயங்களை இழுத்துப்போய் நிறுத்தியவர். அவருடைய கோபம், கேலி, நடை பற்றியெல்லாம் எழுபது எண்பது ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். வீட்டு மனிதராக அவர் எப்படி இருந்தார் என்ற பேச்சு அதிகம் எழுவதில்லை. எனக்கோ அவர் கதைகளுக்கு இணையாக மனத்தில் நிற்பவை அவர் மனைவிக்குப் போட்ட காகிதங்கள்.

‘கண்மணி கமலாவுக்கு’ என்ற தலைப்பில் அந்தக் கடிதங்கள் நூலாக வந்திருக்கின்றன. அவர் சென்னையில் பத்திரிகை வேலையில் கிடக்க, கமலா திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டில் இருந்த மாதங்கள் பல. அந்தத் தலைமுறை ஆண்கள் பெண்டாட்டிக்கு எழுதிய காகிதங்களில் க்ஷேமமும் க்ஷேமத்துக்குப் பதிலும் தவிர அதிகம் இராது. இவரோ கொஞ்சுகிறார், ஏங்குகிறார், பணம் அனுப்ப முடியாமல் போனதற்கு வருந்துகிறார், உடம்பைப் பார்த்துக்கொள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார், சீக்கிரம் அழைத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். ஊரையே கிழித்துத் தொங்கவிட்ட பேனா, வீட்டுக்கு எழுதும்போது இளகிவிடுகிறது. கமலாவும் கதை எழுதினார், இவர் உற்சாகப்படுத்தினார். ‘செல்லம்மாள்’ கதையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவிக்குச் சமைத்துப் போட்டு, வெந்நீர் வைத்துக் கொடுத்து, கடைசி மூச்சுவரை கூடவே இருப்பார். அந்தப் பரிவை எழுதியவர் தமக்குள் இருந்துதான் எடுத்து எழுதினார் என்று கடிதங்களைப் படித்தபின் தோன்றுகிறது. வாழ்க்கையில் மட்டும் மாறிப்போயிற்று. படுத்தவர் அவர்; பார்த்துக்கொண்டவர் கமலா.

மணிக்கொடி, ஊழியன், தினமணி, தினசரி என்று பத்திரிகை பத்திரிகையாக மாறினார். எதிலும் குடும்பம் நிமிரும் அளவுக்குச் சம்பளம் இல்லை. சினிமாவுக்குப் போனார். தாயார் பெயரில் பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார், கையைக் கடித்தது. பிறகு தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ படத்துக்கு வசனம் எழுதப் புனே போனார். அங்கேதான் நோய் முற்றியது. உடம்பு உருகிப்போய்த் திருவனந்தபுரத்துக்கு, கமலாவிடமும் குழந்தையிடமும் வந்து சேர்ந்தார். அதன்பின் அதிக நாள் இல்லை.

அன்று அவரைக் காப்பாற்றியிருக்க முடியுமா? இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

1948இல் ஒரு காசநோயாளிக்குக் கிடைத்த வைத்தியம் இது: ஓய்வு, நல்ல காற்று, பால், முட்டை. இதற்காகவே சானடோரியங்கள் இருந்தன. டாக்டர் சவுரிமுத்து 1928இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் அவற்றில் ஒன்று. ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் இருந்தது. நுரையீரலைச் சுற்றிக் காற்றை ஏற்றி அதைச் சுருங்கவைத்து ஓய்வு கொடுப்பார்கள். சிலருக்கு விலா எலும்புகளையே எடுப்பார்கள். இதற்கெல்லாம் மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில், படுத்துக் கிடக்க வேண்டும். வாரம் ஒரு மணியார்டரை எதிர்பார்த்து அடுப்பெரியும் வீட்டில் சம்பாதிக்கிறவர் ஒரு வருடம் படுத்தால் யார் சோறு போடுவது? ஏழைக் குடும்பஸ்தனுக்கு சானடோரியம் என்பது குடும்பத்தைப் பட்டினி போட்டுத் தான் பிழைப்பது. பலர் அதனால்தான் இருமிக்கொண்டே வேலைக்குப் போனார்கள்.

மருந்து உலகத்தில் பிறந்திருந்தது. 1943இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் இங்கிலாந்திலேயே அது ஆராய்ச்சிக்கு மட்டும் கிடைத்த காலம். அதே 1948இல் ஸ்காட்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் அதே நோயோடு படுத்திருந்தார். மனைவியை இழந்தவர், சிறு வயது வளர்ப்பு மகன் அவருக்கு இருந்தான். செல்வாக்குள்ள பத்திரிகை அதிபர் ஒருவர் நண்பராக இருந்ததால் அமெரிக்காவிலிருந்து அவருக்கு மருந்து வரவழைக்க முடிந்தது. உடம்பு அதைத் தாங்கவில்லை. தோல் உரிந்து, வாய் புண்ணாகி, நிறுத்த வேண்டியதாயிற்று. 1950 ஜனவரியில் அவரும் போனார். நண்பரும் பணமும் புகழும் இருந்தவருக்கே அந்த நிலை என்றால், புனேயிலிருந்து ரயிலேறி வந்த தமிழ் எழுத்தாளருக்கு என்ன இருந்திருக்கும்?

சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசிக் கூடம் தொடங்கியதும் 1948தான். குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயை அந்த ஊசி தடுக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் நோயை அது தடுக்கவில்லை என்பதைப் பின்னால் செங்கல்பட்டு வட்டாரத்தில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. ஆக, அதுவும் அவருக்கு உதவியிருக்காது.

அவர் இறந்து எட்டு ஆண்டுகளில், அவர் உழன்ற அதே சென்னையில் நடந்த காரியத்தை நம் பள்ளிப் பாடங்களில் பெரிதாகச் சொல்ல வேண்டும். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. அதற்குள் ஐசோனியசிட், பாஸ் என்ற மாத்திரைகள் வந்திருந்தன. மையத்து மருத்துவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: இந்த மாத்திரைகளை வீட்டிலேயே இருந்து சாப்பிட்டால் போதாதா, சானடோரியத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டுமா? நகரத்தின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் ஓராண்டு இருந்தார்கள். மற்றவர்கள் தங்கள் குடிசையில், நெரிசலில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு, வேலையையும் பார்த்துக்கொண்டு மாத்திரை சாப்பிட்டார்கள்.

1959இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியிருந்தது. ஆனால் குணமானவர்களின் விகிதம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. வீட்டில் இருந்த நோயாளியால் மனைவி மக்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதும் அடுத்தடுத்த ஆண்டுகளில் உறுதியாயிற்று. சிகிச்சையைப் பாதியில் விட்டுக் கிளம்பியவர்கள் சானடோரியத்தின் பக்கம்தான் அதிகம். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. பிள்ளை முகம் பார்க்காமல் ஒரு வருடம் கட்டிலில் கிடப்பது எந்த அப்பனுக்கும் லேசில்லை.

சென்னையின் குடிசைகளிலிருந்து வந்த இந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தை மாற்றியது. சானடோரியங்களின் காலம் முடிந்தது. அப்பா வீட்டிலேயே இருந்து பிழைக்கலாம் என்றாயிற்று. அந்த மையம்தான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இன்று வழக்கமான காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். சளியைக் கருவியில் வைத்தால் ஓரிரு மணி நேரத்தில் கிருமி உண்டா, ரிபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்று தெரிந்துவிடுகிறது. மருந்துக்கு அடங்காத வகைக்குக்கூட இப்போது ஆறு மாதச் சிகிச்சை வந்துவிட்டது. முன்பு ஒன்றரை, இரண்டு ஆண்டு ஊசியும் மாத்திரையுமாக நோயாளிகள் நைந்துபோவார்கள். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் 2018 முதல் கொடுத்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய்.

இவ்வளவும் இருந்தும் உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 27 லட்சம் பேருக்குக் காசநோய் வருகிறது. சுமார் 3 லட்சம் பேர் இறக்கிறார்கள். 2025க்குள் ஒழித்துவிடுவோம் என்று நாடு வைத்த இலக்கு கைகூடவில்லை. 2019 முதல் 2021 வரை நாடு தழுவி நடந்த கணக்கெடுப்பில், நோய் பெண்களைவிட ஆண்களிடம் இரு மடங்குக்கும் மேல் இருந்தது. இருமல் போன்ற அறிகுறிகள் இருந்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. புதுமைப்பித்தன் காலத்தில் வைத்தியம் இல்லாமல் இறந்தார்கள். இன்று வைத்தியம் பக்கத்துத் தெருவில் இருக்கும்போதே இறக்கிறார்கள்.

யார் இவர்கள்? கட்டட வேலைக்கு ஊர்விட்டு ஊர் போய் ஷெட்டில் பத்துப் பேரோடு படுக்கிறவர். பரோட்டாக் கல்லின் முன்னே இரவு முழுக்க நிற்கிற மாஸ்டர். லாரி டிரைவர். ஒரு நாள் போகவில்லை என்றால் ஒரு நாள் கூலி போயிற்று என்பதால் இருமலைத் தள்ளிப்போடுகிறவர்கள். மெடிக்கலில் சிரப் வாங்கிக் குடித்துவிட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பையும் மனைவிக்குச் சேலையும் வாங்கி அனுப்புகிறவர்கள். வீட்டின்மேல் வைத்த பாசமே இவர்களை ஆஸ்பத்திரிப் படியேற விடாமல் செய்கிறது. அந்தக் கொடுமையை நினைத்தால் மனம் ஆறவில்லை.

தமிழ்நாடு இதில் ஒரு நல்ல வழியைக் காட்டியிருக்கிறது. 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ பெரிய இயந்திரம் எதையும் நம்பியிருக்கவில்லை. நோய் உறுதியானவுடன் செவிலியர் சிலவற்றை மட்டும் பார்க்கிறார்: உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு வாங்குகிறதா, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறதா, பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா. ஆபத்து தெரிந்தால் மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் உடனே சேர்த்துக்கொள்கிறார்கள். காசநோய்ச் சாவுகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களிலேயே நடப்பதால், இந்த எளிய சோதனை பலரைக் காப்பாற்றுகிறது.

நோயின் அடியில் இருப்பது பசி. ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, நோயாளியின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்தால் அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. மாதம் 1,000 ரூபாயில் அந்தச் சாப்பாடு ஒரு குடும்பத்துக்கு வராது. படுத்தவருக்கு மட்டும் கொடுக்காமல் அவரைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் எல்லோருக்கும் ரேஷனில் கூடுதல் பருப்பும் எண்ணெயும் கொடுக்க வேண்டும். இதைச் செய்ய அரசுக்குக் கடைகள் தயாராகவே இருக்கின்றன.

புதுமைப்பித்தனின் எழுத்துகளை 2002இல் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், படிக்கலாம். கமலாவும் தினகரியும் இழந்ததற்கு எந்த அரசும் ஈடு செய்ய முடியாது.

இதைப் படிக்கிறவர் வீட்டிலோ, வேலை செய்யும் இடத்திலோ, மாடி அறையில் குடியிருப்பவர்களிலோ யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், சாயங்காலக் காய்ச்சல் இருந்தால், எடை இறங்கினால், சளியில் ரத்தம் தெரிந்தால் அவரைக் கையோடு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். சளிச் சோதனைக்குக் காசில்லை, மாத்திரைக்கும் காசில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-6666.