உங்களுக்குத் தெரியுமா? ஆளுக்கொரு பூட்டு!

இயந்திரத்தைப் பழுதுபார்க்கும்போது மெயின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. விவரம் தெரியாத இன்னொருவர் வந்து போட்டுவிடலாம். அதனால்தான் அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1989இல் வெளியிட்ட விதி, சுவிட்சையே பூட்டச் சொல்கிறது. ஐந்து பேர் வேலை செய்தால் ஐந்து பூட்டு. கடைசி ஆள் தன் பூட்டைக் கழற்றும்வரை மின்சாரம் வராது.

பூட்டிய பிறகும் ஆபத்து ஒளிந்திருக்கும்: கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம், அழுந்தி நிற்கும் ஸ்பிரிங், குழாயில் அடைபட்ட ஹைட்ராலிக் அழுத்தம். இவற்றையும் வெளியேற்றி, ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பார்த்து, இயந்திரம் அசையவில்லை என்று உறுதியான பிறகே கை வைக்க வேண்டும்.

விதியில் மிக முக்கியமாகப் படுவது இன்னொன்று: ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்த நடைமுறையைச் சோதிக்க வேண்டும். சோதிப்பவர், அதைப் பயன்படுத்துபவராக இருக்கக் கூடாது.