புகையானும் சாவக உழவரும்

நெற்பயிரின் தூரடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, அரிசி மணியினும் சிறிய பழுப்புப் பூச்சி ஒன்று ஒட்டியிருக்கும். சாறு உறிஞ்சும் அப்பூச்சி பெருகினால் பசும்பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்துவிடும். நம் உழவர் அதற்கு இட்ட பெயர் புகையான். கருகிய வயலைக் கண்டவருக்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

1984இல் அரிசியில் தன்னிறைவு எய்திய இந்தோனேசியாவில், அடுத்த ஈராண்டுக்குள் ஜாவா எனப்படும் சாவகத் தீவின் வயல்களைப் புகையான் சூழ்ந்தது. மருந்து போதாமையால் அன்று, மிகுதியால். பூச்சிக்கொல்லி விலையின் பெரும்பங்கை அரசே ஏற்றதால் உழவர் தாராளமாகத் தெளித்தனர். புகையானோ முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கும். மருந்து அங்கே எட்டாது. வெளியே திரியும் ஓநாய்ச் சிலந்தியும், முட்டையை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியுமே மடிந்தன. முட்டை பொரிந்து குஞ்சுகள் வெளிவந்தபோது அவற்றைத் தின்னும் பகை வயலில் இல்லை.

1986 நவம்பரில் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்த அரசு தடை விதித்தது. 1989 தொடக்கத்தில் விலைச்சலுகையும் முற்றாக நீங்கியது. ஆயினும் மருந்தின்றிப் பயிர் அழிந்துவிடும் என்ற உழவரின் அச்சம் எஞ்சியிருந்தது. அதை அறியாமை என்று இகழ்வது பெரும்பிழை. ஒரு பருவம் பொய்த்தால் குடும்பத்தின் உணவும் கடனும் ஒருங்கே நெருக்கும். பக்கத்து வயலில் மருந்து தெளிக்கும் ஓசை கேட்கையில் கைகட்டி நிற்பது எளிதன்று.

அவ்வாண்டே ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையுடன் வயல்வெளிப் பள்ளிகள் தோன்றின. ஏறத்தாழ 25 உழவர் ஒரு குழுவாக, பருவம் முழுதும் வாரத்துக்கு ஒருநாள் கூடினர். சேற்றில் இறங்கித் தூர்களை எண்ணினர், பூச்சிகளைப் பிடித்தனர், கண்டவற்றைப் பெரிய தாளில் வரைந்து, மருந்து வேண்டுமா என்று தம்முள் வாதிட்டனர். பூச்சி தின்றாற்போல இலைகளைத் தாமே வெட்டிவிட்டு, இளம்பயிர் மீளத் தழைப்பதைக் கண்டனர்.

என் நெஞ்சைத் தொட்டது மற்றொரு சோதனை. நெல்தூரை வலைத்துணியால் மூடி, உள்ளே புகையான்களையும் சிலந்தியையும் விட்டு, பின்னர் எஞ்சியவற்றை எண்ணுவர். வரப்போரத்தில் நாள்தோறும் பார்த்த எட்டுக்கால் உயிர், கூலி கேளாமல் காவல் புரிந்தது அப்போதுதான் அவர்களுக்குப் புலனாயிற்று. சூழலைக் காக்கும் விருப்பம் உழவரிடம் இப்படித்தான் வேர்கொள்கிறது என்பது என் உறுதியான எண்ணம்: செலவு குறையும், விளைச்சல் குன்றாது என்பதைத் தம் வயலிலேயே தாம் எண்ணிக் காணவேண்டும்.

அடுத்த பத்தாண்டில் பத்து இலட்சம் உழவர் வரை அப்பள்ளிகளில் பயின்றனர். பயிலாத அண்டை வயலாரிடம் அவ்வறிவு பெரிதும் பரவவில்லை என்று உலக வங்கி ஆய்வாளர் சிலர் பின்னர்க் கண்டனர். எனக்கு அது வியப்பளிக்கவில்லை. வலைத்துணியைத் திறந்து எண்ணிய அனுபவத்தைச் சொல்லால் கைமாற்ற இயலாது. பூச்சிக்கொல்லிக் கடைகள் மீண்டும் சிற்றூர்களை நிறைத்தன. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாவக வயல்களில் அதே கருகல் வட்டங்கள் மறுபடியும் விழுந்தன.