சுவிட்ச் வேலை செய்யவில்லையா? ரவுட்டரை ஒதுக்கிவிடாதீர்கள்

நமுனுகுல மலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தச்சு வேலை என்றால் அது ஆண்களின் வேலை என்றே நீண்ட காலம் இருந்து வந்தது. கொழுந்துக் கூடை எமக்கு, உளியும் சீவுளியும் அவர்களுக்கு என்பதே வழக்கம். இன்று அந்த நிலை மெல்ல மாறி வருகிறது. மரக்காலையில் கழிவாகக் கிடைக்கும் சவுக்குப் பலகைகளை வாங்கி, படச் சட்டம், சாமித் தட்டு, பெயர்ப்பலகை, சிறு முக்காலி என்று செய்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். பசறைப் பக்கத்தில் அப்படிப்பட்ட சில சகோதரிகளுக்கு நான் வேலை பழக்கி வருகிறேன்.

அவர்களில் ஒருவரின் குடும்பம் 1983 வன்செயலின்போது மலையகத்தை விட்டு வன்னிக்குப் போனது. போரின் கடைசி மாதங்களில் கணவரை இழந்த அவர், 2009க்குப் பிறகு இரு பிள்ளைகளுடன் உறவினரின் லயனுக்கே திரும்பி வந்தார். அவருடைய வருமானம் முழுவதும் ஒரு சிறிய ரவுட்டர் மெஷினை நம்பித்தான். மரத்தில் தவாளிப்பு எடுக்கவும், பலகையின் ஓரத்தை அழகாக வளைக்கவும், எழுத்து வெட்டவும் அது உதவுகிறது. ஒரு பாடசாலைக்கு 30 சட்டங்கள் செய்ய வேண்டியிருந்த வேளையில் அது நின்று போனது. திருத்தப் போன கடையில் மோட்டார் எரிந்துவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். காதில் கிடந்த தோட்டை அடகு வைக்க எண்ணியிருந்த சமயத்தில் என்னிடம் வந்தார். இருவருமாகத் திறந்து பார்த்தோம். மோட்டாருக்கு ஒன்றும் இல்லை. சுவிட்சுக்குள் மா போன்ற மரத்தூள் அடைத்திருந்தது. அவ்வளவுதான்.

ஆகவே, மெஷின் நின்றதும் பழுது எங்கே என்று நாமே தேடிப் பார்க்கும் முறையை இங்கு எழுதுகிறேன்.

ஏன் சுவிட்ச் பழுதாகிறது?

ரவுட்டரின் பிட் நிமிடத்துக்கு 10,000 முதல் 30,000 தடவை வரை சுற்றும். அந்த வேகத்தில் வரும் தூள் மிக நுண்ணியது. அது கைப்பிடியின் இடுக்குகள் வழியாக சுவிட்சுக்குள் போய்விடும். சுவிட்சுக்குள் இருப்பவை இரண்டு உலோகத் தகடுகள். அவை தொட்டால் மின்சாரம் ஓடும், விலகினால் நிற்கும். இடையில் தூள் புகுந்தால் சரியாகத் தொடாது. அரைகுறையாகத் தொடும்போது தீப்பொறி பறந்து தகடு கருகும். மலைநாட்டின் பனியும் ஈரமும் சேர்ந்தால் தூள் பசை போல இறுகிவிடும்.

முதலில் பாதுகாப்பு

எதைத் தொடுவதற்கும் முன்னர் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது, ஏனெனில் பழுதானதே அந்தச் சுவிட்ச்தான். கழற்றிய பிளக்கை உங்கள் கண்முன்னே வைத்துக்கொள்ளுங்கள். பிட்டையும் கழற்றிவிடுங்கள். பிள்ளைகளை அருகில் விடவேண்டாம்.

சுவரிலிருந்து மெஷின் வரை

1. அதே பிளக் துவாரத்தில் நன்றாக வேலை செய்யும் வேறொரு பொருளைப் போட்டுப் பாருங்கள். அதுவும் இயங்காவிட்டால் பழுது சுவரில் இருக்கிறது. சுவரின் உள்ளே நாம் கை வைக்கக் கூடாது, வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

2. சதுர முள் கொண்ட 13 அம்பியர் பிளக் என்றால் அதனுள் ஒரு பியூஸ் இருக்கும். அதை மாற்றிப் பாருங்கள். சிகரட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிப் போடுவது வீட்டுக்கே தீ வைப்பது போன்றது.

3. வயரைப் பாருங்கள். மெஷினுக்குள் நுழையும் இடத்தில்தான் அது அடிக்கடி வளைந்து உள்ளே அறுந்துபோகும். வெளியே தோல் நன்றாகவே தெரியும்.

4. இவை எல்லாம் சரி என்றால் சுவிட்சைச் சந்தேகிக்கலாம். பலமாக அழுத்தினால் மட்டும் இயங்குவது, விட்டுவிட்டு இயங்குவது, கைப்பிடி சுடுவது, கருகிய மணம் வருவது ஆகியவை சுவிட்ச் பழுதின் அடையாளங்கள்.

திறந்து சோதித்தல்

கைப்பிடியின் ஸ்குரூ ஆணிகளைக் கழற்றி ஒரு தட்டில் வரிசையாக வையுங்கள். எந்த வயர் எந்தக் காலில் இருக்கிறது என்பதைக் கைப்பேசியில் படம் எடுங்கள். இல்லையேல் தாளில் வரைந்துகொள்ளுங்கள். சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் மெஷினில் இருந்தால் அதற்கு எர்த் வயர் இராது. இரண்டு வயர் மட்டும் இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பழைய பல்தூரிகையால் தூளைத் தட்டி, சைக்கிள் பம்பால் காற்று அடியுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும், தூளும் கண்ணில் விழும். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் விடவேண்டாம். அவை தூளை மேலும் பிடித்து வைக்கும். மின் இணைப்புகளைச் சுத்தம் செய்வதற்கென்றே விற்கும் ஸ்பிரே கிடைத்தால் சிறிது அடித்து, நன்றாகக் காய்ந்த பின்னரே பிளக்கைப் போட வேண்டும்.

மல்ரிமீற்றர் இருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. சுவிட்சின் வயர்களைக் கழற்றிவிட்டு, மீற்றரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, இரு கால்களிலும் ஊசிகளை வையுங்கள். சுவிட்சைப் போட்டால் ஒலிக்க வேண்டும், நிறுத்தினால் ஒலி நிற்க வேண்டும். இரு நிலையிலும் ஒலித்தால் தகடுகள் ஒட்டிவிட்டன. இரு நிலையிலும் ஒலிக்காவிட்டால் உள்ளே தொடவில்லை. நான்கு கால் சுவிட்ச் என்றால் இரு சோடிகளையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

சுவிட்ச் நன்றாக இருந்தும் மெஷின் ஓடாவிட்டால் காபன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அதைச் சோடியாகவே மாற்ற வேண்டும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு பலகையில் பழுது என்றால் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

மாற்ற வேண்டி வந்தால்

கருகிய தகட்டைத் தேய்த்துப் பயன்படுத்துவது சில நாட்களுக்கே. பழைய சுவிட்சைக் கையோடு பதுளைக்குக் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். அதில் பொறித்திருக்கும் அம்பியர், வோல்ற் அளவுகளும் கால்களின் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். அம்பியர் குறைந்த சுவிட்ச் விரைவில் கருகும்.

நேரடியாக இணைக்க வேண்டாம்

சுவிட்சை நீக்கிவிட்டு வயரை நேரடியாக முறுக்கி, சுவர்ச் சுவிட்சால் இயக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். பலகையில் பிட் சிக்கிக்கொண்டால் கையை எடுக்காமலே நிறுத்துவதற்கு அந்தச் சுவிட்ச் ஒன்றுதான் இருக்கிறது. விரல் போனால் பிழைப்பும் போகும்.

நிறுத்தியும் நிற்காத சுவிட்ச்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அப்படி நேர்ந்தால் மெஷினைக் கீழே வைக்காதீர்கள். இரு கையாலும் இறுகப் பிடித்தபடி, பிளக்கைப் பிடுங்கும்படி அருகில் உள்ளவரிடம் சொல்லுங்கள். இதனால்தான் தனியாக வேலை செய்ய வேண்டாம் என்று எப்போதும் சொல்லி வருகிறேன். தூள் அகற்றிப் பார்த்தும் அது சரியாகாவிட்டால் புதிய சுவிட்ச் போடும்வரை அந்த மெஷினைத் தொட வேண்டாம்.

மின்வெட்டையும் மறக்கக் கூடாது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது நினைவிருக்கும். வேலைக்கு நடுவே மின்சாரம் நின்றால் சுவிட்சை நிறுத்தி, பிளக்கையும் கழற்றுங்கள். மறந்துவிட்டால், மின்சாரம் திரும்பும்போது மேசையில் இருக்கும் மெஷின் தானாகவே ஓடத் தொடங்கிவிடும்.

பழுது வராமல் காக்க

வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றி, தூளைத் துடைத்து, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். ஈரமான சிமெந்துத் தரையில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் பெட்டியை அடுப்பங்கரைச் சுவருக்கு அப்பால், உயரமான உலர்ந்த இடத்தில் வைக்கலாம்.

மல்ரிமீற்றர் ஒன்று வாங்க ஒருவரால் முடியாவிட்டால், ஐந்து பேர் சேர்ந்து வாங்குங்கள். சீட்டுக் காசில் ஒரு முறை அதற்கென ஒதுக்கினால் போதும். எங்கள் குழுவில் அப்படித்தான் வாங்கினோம். இப்போது அது வாரம் ஒரு வீடாகச் சுற்றி வருகிறது. மின்கேத்தல் வயர், தையல் மெஷின் மோட்டார் என்று எல்லாவற்றையும் சோதிக்க அது உதவுகிறது. கடைக்காரர் புதிதாக வாங்குங்கள் என்று சொன்னால், ஏன் என்று திருப்பிக் கேட்கவும் எமது சகோதரிகள் இப்போது பழகிவிட்டார்கள்.