ஆனையிறவில் ஏன் எப்போதும் ஒரு முகாம்?

வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத நம் குடாநாட்டில், கப்பலில் பல மாதத் தொலைவிலிருந்த பேரரசுகள் ஏன் படையை நிறுத்தின? 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைப் பிடித்தனர். 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர்.

பாதி விடை ஆனையிறவு என்ற பெயரிலேயே இருக்கிறது. வன்னியில் பிடித்த யானைகள் இவ்வழியே குடாநாட்டுக்குள் வந்து ஊர்காவற்றுறையில் கப்பலேறின. இந்த ஒடுங்கிய நிலத்தை மறித்தால் யானையோடு ஆளையும் பொருளையும் எண்ணலாம், வரி கேட்கலாம். கடல்வழிக்கு ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடற்கோட்டை. (இப்போது அங்கே கடற்படை விடுதி நடத்துகிறது.) ஆக, காவல் எதிரிக்காக மட்டும் போடப்பட்டதில்லை, உள்ளே இருப்பவர்களைக் கணக்கில் வைக்கவும்தான் என்பது என் வாசிப்பு.

யானை வணிகம் போனது, காவல் போகவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயர் பலாலியில் ஓடுபாதை போட்டார்கள். 1990இல் அதைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாகின. 2009இல் போர் முடிந்தது. 2019இல் பலாலிக்குப் பயணிகள் விமானம் வந்தது. காணிகளில் ஒரு பகுதி மட்டும் இன்னும் விடுபடவில்லை. உறுதியைக் கையில் வைத்திருப்பவர்கள் தங்கள் வளவை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்கிறார்கள்.