சர்க்கார் வாசலும் சாவிக்காரரும்

கோரிமேட்டில் எங்கள் வாசகசாலைக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. தகரக் கூரை வேய்ந்த ஓர் அறை, நான்கு பெஞ்சுகள். மழை பெய்தால் வாசிக்க வந்தவர்களைக் காட்டிலும் புத்தகங்களுக்குத்தான் முதலில் குடை பிடிக்க வேண்டும். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் மாலை, இதைப் பற்றிக் கமிட்டியார் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது கனவான் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். 'அரசாங்க நிதி ஆலோசகர்' என்று அச்சிட்ட அட்டையை நீட்டினார்.

டில்லியில் எந்த இலாகாவில் எந்தத் திட்டத்தின் கீழ்ப் பணம் இருக்கிறது என்பதைச் சரளமாகச் சொன்னார். "வாத்தியாரையா, கட்டடம் வந்துவிட்டதென்றே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். கிடைக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு. முன்பணம் 50,000 ரூபாய். ரசீது மட்டும் கிடையாது.

கமிட்டி இரண்டுபட்டது. "பத்து போனாலும் தொண்ணூறு மிஞ்சுமே! நம் பிள்ளைகள் நனையாமல் படிப்பார்களே!" என்றார் ஒரு நண்பர். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. அப்போது, குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நிதானமாகக் கேட்டார்: "ஐயா, நீங்கள் விண்ணப்பம் எழுதுவதற்குக் கூலி கேட்கிறீர்களா, அல்லது யாரோ ஒருவர் கையெழுத்துப் போடுவதற்கு விலை கேட்கிறீர்களா?"

வந்தவர் புன்னகை செய்தார். "யோசித்துச் சொல்லுங்கள்" என்று எழுந்து போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை.

புதுச்சேரிக்கு இடைநின்று பேசும் தொழில் புதிதன்று. பிரெஞ்சுக் கம்பெனிக்கும் ஜனங்களுக்கும் நடுவே துபாஷிகள் இருந்து காரியம் நடத்திய ஊர் இது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால், எந்த மரியாதைக்கு எந்தக் காரியம் நடந்தது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

அவருடைய உறவினரான நயினியப்ப பிள்ளை கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்தவர். 1716-ஆம் ஆண்டில் கவர்னர் எபேர் அவரைச் சிறையிலிட்டார். கசையடியும் சொத்துப் பறிமுதலும் தண்டனையாயின. 1717-ல் அவர் சிறையிலேயே மாண்டார். அவருடைய குமாரர் குருவப்பர் சும்மா இருக்கவில்லை. கடல் கடந்து பாரிஸ் மாநகர் சென்று முறையிட்டார். செயின்ட் மாலோ வர்த்தகர்களும், ஏசு சபையாரோடு பிணக்குக் கொண்டிருந்த வேறு பாதிரிமாரும் நயினியப்பர் பக்கம் வாதாடினார்கள். அவர்களுக்கும் சொந்தக் காரணங்கள் இருந்தன. 1720-ல் நயினியப்பர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. குருவப்பர் செவாலியே பட்டத்துடன் ஊர் திரும்பினார்.

மனு கொடுப்பதும், அதற்கு அறிந்தவர் துணையை நாடுவதும் குற்றமன்று என்பதற்கே இந்தச் சரித்திரத்தைச் சொன்னேன். அந்த முறையீடுகள் எழுத்தில் இருந்தன. ஆகையால்தான் 300 ஆண்டுகளுக்குப் பிறகும் அவற்றைப் பற்றிப் பேச முடிகிறது.

அன்று பாரிஸ், இன்று டில்லி. சட்டசபை உள்ள பிரதேசமானாலும், புதுச்சேரி மாநிலமன்று. மாநிலங்களுக்கு வரிப் பங்கு வகுக்கும் நிதிக் கமிஷனின் ஏற்பாட்டில் நமக்கு இடமில்லை. மத்திய சர்க்காரின் மானியத்தையே எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. பார்லிமெண்டில் நமக்காகப் பேச லோக் சபையில் ஒருவர், ராஜ்ய சபையில் ஒருவர், ஆக இருவரே. வழி நீளமாகவும் குரல் சிறிதாகவும் இருக்கும் இடத்தில் 'வழி தெரிந்தவர்' முளைப்பது இயல்புதானே?

அமெரிக்காவில் இது பகிரங்கமான தொழில். 1946-ல் ஒரு சட்டமும், 1995-ல் அதைவிடக் கண்டிப்பான மற்றொன்றும் செய்து, யாருக்காக எவ்வளவு பணம் பெற்று எந்த விஷயத்தைப் பற்றிப் பேசினார்கள் என்று பதிவு செய்ய வைத்தார்கள். வால்மார்ட் கம்பெனி இந்தியச் சந்தையில் நுழைவது உள்ளிட்ட விஷயங்களுக்காகச் செலவிட்ட தொகை அந்தப் பதிவேட்டிலிருந்தே தெரியவந்தது. 2012-ல் நம் பார்லிமெண்டில் பெரும் கொந்தளிப்பு உண்டாயிற்று. நம் நாட்டிலோ அத்தகைய பதிவேடும் இல்லை, அதற்கென்று தனிச் சட்டமும் இல்லை.

ஆயினும் எல்லை என்பதே இல்லையென்று எண்ணலாகாது. பொது நலக் கொள்கைக்கு விரோதமான உடன்படிக்கை செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். செல்வாக்கை விலைக்கு விற்கும் ஒப்பந்தமும் அதில் அடங்கும். ஆகவே கொடுத்த முன்பணத்தைக் கோர்ட்டில் கேட்டு மீட்பதும் அரிது. சொந்தச் செல்வாக்கால் அதிகாரியைத் தகாத வழியில் இணங்கச் செய்வதாகப் பணம் பெறுவோருக்கு 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை என்கிறது 2018-ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம்.

ஆகையால் ஆலோசகர் எவரேனும் வாசலுக்கு வந்தால், நான்கு கேள்விகள் போதும். எந்தத் திட்டம், அதன் விதி எங்கே அச்சாகியிருக்கிறது? கூலி உழைப்புக்கா, கிடைக்கும் தொகைக்கா? ரசீது உண்டா? விண்ணப்பத்தின் நகல் நம்மிடம் இருக்குமா? நான்குக்கும் நேரான பதில் சொல்பவருக்குக் கூலி கொடுப்பதில் அவமானமில்லை. வக்கீலுக்கும் கணக்காயருக்கும் கொடுக்கவில்லையா?

நாங்கள் அந்த வழியையே மேற்கொண்டோம். பார்லிமெண்டு அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பணம் அவர் கைக்கு வருவதில்லை. அவர் சிபாரிசு செய்ய, ஜில்லா அதிகாரி பரிசீலித்துச் செலவிடுவார். இஞ்சினீயர் ஒருவரிடம் மதிப்பீடு தயாரித்து வாங்கினோம். 4,000 ரூபாய் கூலி. ரசீது பத்திரமாக இருக்கிறது. விதிகளில் விளங்காததைத் தகவல் அறியும் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டிக் கேட்டோம். பெரியவரே விண்ணப்பத்தை எழுதினார்.

நிலத்தின் பத்திரத்தில் ஒரு குறை என்று காகிதம் ஒரு முறை திரும்பி வந்தது. குறையைத் தீர்த்து மறுபடி அனுப்பியிருக்கிறோம். இந்த ஆண்டு மழைக்கும் தகரக் கூரைதான். முன்பு பத்துக்குத் தொண்ணூறு கணக்குச் சொன்ன நண்பர்தான் இப்போது வாரந்தோறும் ஆபீசுக்குச் சென்று, காகிதம் எந்த மேஜையில் இருக்கிறது என்று விசாரித்து வருகிறார்.

"நம் காகிதத்தைப் பற்றி நாமே கேட்கிறோம், இதில் கூச்சம் என்ன, வாத்தியாரையா?" என்கிறார். கட்டடம் வரும் நாளில் முதல் விளக்கை அவரே ஏற்ற வேண்டும் என்பது கமிட்டியாரின் ஏகமனதான தீர்மானம்.